ஊசிக்குப் பிறகு காது கேட்கவில்லை: மருந்தா, காய்ச்சலா, எஞ்சின் சத்தமா?

குறும்பனை அலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. சிறு வயதிலிருந்தே கடல் தொழில் செய்பவர். அதில் பின்பாதி முழுவதும் வள்ளத்தில் அவுட்போர்டு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கழிந்தது. சர்க்கரை நோயும் உண்டு. கடந்த ஆனி மாதம் கணவாய்ச் சீசனில் காலில் தூண்டில் முள் குத்திய இடம் பழுத்து, இரண்டே நாளில் குளிரும் காய்ச்சலுமாகி, நினைவு தடுமாறிய நிலையில் அவரை ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பதினோரு நாள் உள்நோயாளியாக இருந்தார். அமிகாசின் என்ற ஊசி பத்து நாள் போடப்பட்டது. இடையில் உடல் வீங்கி மூச்சு முட்டியதால், நீர் பிரிவதற்காக பியூரோசிமைடு ஊசியும் மூன்று நாள் போட்டிருக்கிறார்கள். இரண்டும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதப்பட்டுள்ளன.

கால் ஆறிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரத்திலிருந்து இரு காதுகளிலும் சீவிடு கத்துவதுபோல ஓயாத இரைச்சல் இருப்பதாகச் சொல்கிறார். ஆண்கள் பேசினால் ஓரளவு விளங்குகிறது. என் மகள் பேசினால் விளங்கவில்லை. செல்போன் மணி அடிப்பதே தெரிவதில்லை. உறவினர்கள், கடும் காய்ச்சலில் நரம்பு தளர்ந்துவிட்டது என்கிறார்கள். அம்மா எஞ்சின் சத்தத்தைக் குறை சொல்கிறார். எனக்கு ஊசியின்மீது சந்தேகம். இதில் எது சரி, இனி என்ன செய்யலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஒலிமானி எழுதியது:

நாகர்கோவிலில் கேட்புத்திறன் பரிசோதனை செய்யும் பணியில் இருக்கிறேன், மருத்துவர் அல்லன். உங்கள் கேள்விக்கு என் பதில், மூன்றும் காரணமாக இருக்கலாம் என்பதே. நழுவுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. இந்த மூன்றும் உள்காதில் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு பகுதி உண்டு. அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வரும்போது அவற்றின் நுனி மயிர் சாய, அங்கே நுண்ணிய வாயில் திறந்து, அசைவு மின் குறிப்பாக மாறி மூளைக்குப் போகிறது. அமிகாசின், ஜென்டாமைசின், கானாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை அடங்கிய அமினோகிளைகோசைடு குடும்பத்து மருந்துகள் பெரும்பாலும் அந்த வாயில் வழியாகவே செல்லுக்குள் நுழைகின்றன. உள்ளே போன மருந்து எளிதில் வெளியேறுவதில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்து, செல்லையே அழித்துவிடுகிறது. சுருளின் அடிப்பகுதியில் உள்ள செல்கள்தாம் முதலில் சாகும். அவை கூர்மையான ஒலிகளுக்கு உரியவை. குழந்தையின் குரலும் செல்போன் மணியும் முதலில் மறைந்து, ஆண் குரல் கடைசிவரை நிற்பது இதனால்தான். மருந்து இரத்தத்திலிருந்து சிறுநீரகம் வழியாக விரைவில் வெளியேறினாலும் உள்காதில் நெடுநாள் தங்குவதால், ஊசி நின்று சில வாரம் கழித்தும் கேள்வி, அதாவது கேட்கும் திறன், குறையலாம். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் என்று நீங்கள் சொன்ன கணக்கு இதனோடு பொருந்துகிறது. உங்கள் அப்பாவின் தொழிலை நினைக்கும்போது வருத்தத்தோடு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது: மீனுக்கு அழிந்த மயிர்ச்செல் மறுபடி முளைக்கும், கோழிக்கும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை.

இனிக் காய்ச்சலைப் பற்றி. நரம்பு தளர்ந்தது என்று உறவினர்கள் சொன்ன சொல் தவறாக இருக்கலாம். காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்ற ஊகம் தவறில்லை. இரத்தத்துக்கும் உள்காதுக்கும் இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. கண்ட பொருளெல்லாம் உள்ளே போகாமல் அது காக்கிறது. உடல் முழுவதும் அழற்சி பரவும்போது அந்தத் தடுப்பின் இயல்பு மாறுகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பீட்டர் ஸ்டெய்கர் குழுவினர் எலிகளில் செய்து 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பாக்டீரியாவின் நச்சுக் கூறு செலுத்தப்பட்டு அழற்சி உண்டான எலிகளின் உள்காதுக்குள் இதே மருந்துக் குடும்பம் கூடுதலாகப் புகுந்ததும், கேள்வி இழப்பும் கூடியதும் தெரியவந்தன. ஆரோக்கியமான எலிக்கு மருந்து கொடுத்துக் கணக்கிட்ட ஆபத்து, காய்ச்சலில் கிடக்கும் நோயாளிக்கு அப்படியே பொருந்தாது என்பதே இதன் பொருள். இந்த ஊசியோ காய்ச்சலில் கிடப்பவருக்குத்தான் போடப்படுகிறது.

எஞ்சின் சத்தமும் சேரும்போது என்ன நடந்திருக்கும் என்பதைப் பரிசோதனை பார்த்த பிறகு பேசலாம். எந்தெந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்துவிட்டு வாருங்கள். அதுவரை அவரை எஞ்சின் அருகில் விடாதீர்கள். மருந்து தங்கியிருக்கும் காதில் பெரும் சத்தம் விழுந்தால் சேதம் கூடும்.

திங்கள்சந்தைக்காரன் எழுதியது:

இவ்வளவு தெரிந்த மருந்தை, காதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பத்து நாள் போட்டிருக்கிறார்கள் என்றால் அது குற்றம். அதோடு காதைக் கெடுக்கும் இன்னொரு ஊசியான பியூரோசிமைடையும் சேர்த்திருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். அழற்சிதான் காரணம் என்றால் அன்றைக்கே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் காது தப்பியிருக்கும் அல்லவா? அதையும் செய்யவில்லை.

ஒலிமானி எழுதியது:

ஐயா, சொல்லாமல் விட்டது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மருந்தைப் போட்டதே குற்றம் என்பதை ஏற்க மாட்டேன். சர்க்கரை நோயாளியின் காலில் தொடங்கி இரத்தம்வரை தொற்று பரவி நினைவு தடுமாறிய நிலையில், பல மருந்துகளுக்கு மசியாத பாக்டீரியாக்களை அடக்க அமிகாசின் இன்றும் தேவைப்படுகிறது. அன்று அது இல்லாதிருந்தால் காதைப் பற்றிப் பேச நமக்கு இடமே இருந்திருக்காது.

ஸ்டீராய்டு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. விடை நேரானது அல்ல. பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் உள்காதைக் கெடுப்பது பெரும்பாலும் அழற்சியே. அங்கே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பது கேள்வி இழப்பைக் குறைக்கும் என்பது நிறுவப்பட்டது. அமினோகிளைகோசைடு விஷயத்தில் அழற்சி வாசலைத் திறந்துவிடுகிறது, கொல்வது மருந்து. ஸ்டீராய்டு கொடுத்தால் காது தப்பும் என்று இங்கே யாரும் உறுதி சொல்ல முடியாது. பரவிய தொற்றும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் உள்ளவருக்கு அதைத் தாராளமாகக் கொடுப்பதில் வேறு ஆபத்தும் இருக்கிறது.

வேளிமலை மருந்தாளுநர் எழுதியது:

தக்கலைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

காதைத் தொடும் மருந்துகள் எல்லாம் ஒரே வகையல்ல. வலிக்காகவோ வாதத்துக்காகவோ அதிக அளவில் ஆஸ்பிரின் சாப்பிட்டால் காதில் இரைச்சல் வரும், கேள்வி மங்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். இதயத்துக்காகத் தினம் 75 மில்லிகிராம் எடுத்துக்கொள்பவர் இதைப் படித்துப் பயந்து நிறுத்தினால், காதைக் காப்பாற்றப் போய் மாரடைப்பை வரவழைத்துக்கொண்டவர் ஆவார். கொய்னாவும் காதில் இரைச்சல் உண்டாக்கும், பெரும்பாலும் அதுவும் திரும்பிவிடும். லாசிக்ஸ் என்று நம் ஊரில் அறியப்பட்ட பியூரோசிமைடு, உள்காதுத் திரவத்தில் இருக்கும் ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைத் தற்காலிகமாகத் தாழ்த்துகிறது. பேட்டரி இறங்கியது போன்ற நிலைதான். தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் மீண்டும் ஏறிவிடும். அமினோகிளைகோசைடோடு சேர்ந்தால்தான் நிலைமை வேறு. இரண்டும் சேரும்போது சேதம் பெருகும் என்பது பழைய, உறுதியான செய்தி. மூச்சு முட்டும்போது அதைக் கொடுக்காமலும் இருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கடையில் எனக்குத் தினமும் எரிச்சல் தருவது காதுச் சொட்டு மருந்து. மழைக்காலத்தில் காதில் சீழ் வந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த பழைய பாட்டிலைக் காட்டி அதையே கேட்கிறார்கள். ஜென்டாமைசின் அல்லது நியோமைசின் கலந்த சொட்டு மருந்து, செவிப்பறையில் ஓட்டை உள்ள காதில் நடுக்காதைக் கடந்து உள்காதுக்குப் போய்விடக்கூடும். சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் சொட்டுகளுக்கு இந்தக் கேடு இல்லை. ஓட்டை இருக்கிறதா என்பது கருவி வைத்துப் பார்க்காமல் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால்தான் மருத்துவர் சீட்டு கேட்கிறேன்; வியாபாரம் தெரியாமல் அல்ல.

சுசீந்திரம் டீச்சர் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 1978இல் எனக்கு 19 வயது, காசநோய் வந்தது. அன்றைய வழக்கப்படி மாத்திரைகளோடு இரண்டு மாதம் தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மருந்துக்காக செல்மன் வாக்ஸ்மனுக்கு 1952இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்பதைப் பின்னாளில் என் மாணவர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த மருந்துதான் எனக்கு உயிர் கொடுத்தது. நடையைக் கெடுத்ததும் அதுதான்.

கேள்வி எனக்கு ஓரளவு தப்பியது, போனது சமநிலை. இந்தக் குடும்பத்து மருந்துகளில் சில கேள்வியை முதலில் கெடுக்கும், ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் உள்காதில் சமநிலைக்கு உரிய பகுதியை அதிகம் கெடுக்கும் என்று பல ஆண்டு கழித்துத்தான் ஒரு மருத்துவர் விளக்கினார். தலைசுற்றல் என்று எல்லாரும் சொல்வது எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நடந்தால் சுசீந்திரம் கோபுரம் என்னோடு சேர்ந்து துள்ளும்; நின்றால் அதுவும் நிற்கும். பேருந்துப் பலகையை நடந்துகொண்டே வாசிக்க முடியாது. பகலில் கண் பார்த்துச் சமாளித்துவிடுகிறேன். கரண்ட் போனால் சுவரைப் பிடிக்காமல் இரண்டடி வைக்க இயலாது. இதைச் சொன்னபோது எனக்குப் பயம், மனக்கோளாறு என்று எழுதியவர்களும் உண்டு.

தம்பி, உங்கள் அப்பா இருட்டில் எப்படி நடக்கிறார், மணலில் எப்படி நடக்கிறார், முகம் கழுவக் கண்ணை மூடும்போது ஆடுகிறாரா என்பதைக் கவனியுங்கள். கேள்வியைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள்.

ஒலிமானி எழுதியது:

டீச்சர் கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு சேர்க்கை: காசநோய்க்கு இன்று அந்த ஊசி வழக்கம் இல்லை. மருந்துக்கு மசியாத காசநோய்க்கு மாதக்கணக்கில் போடப்பட்ட கானாமைசினையும் பயன்படுத்த வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. பெடாகுயிலின் அடங்கிய, வாய்வழி மட்டுமே கொடுக்கும் சிகிச்சைக்கு நம் நாடும் மாறிவிட்டது. எனவே இன்று காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் டீச்சரின் அனுபவத்தைப் படித்துச் சிகிச்சையை நிறுத்த வேண்டியதில்லை.

குலசேகரம் அம்மா எழுதியது:

என் மகனுக்கு மூன்று வயதில் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி வந்து, திருவனந்தபுரத்தில் சிஸ்பிளாட்டின் கொடுத்தார்கள். இப்போது அவனுக்கு ஒன்பது வயது, நோய் இல்லை. இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறான். 'சாவி', 'காவி' இரண்டும் அவனுக்கு ஒன்றுதான், உதட்டைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். கூப்பிட்டால் திரும்புகிறானே, காது கேட்கிறதே, பாடத்தைக் கவனிக்காமல் இருக்கிறான் என்று ஒன்றாம் வகுப்பில் அவனைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்பதும் விளங்குவதும் வேறு என்பதை ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆசிரியரிடம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் காதுப் பரிசோதனை செய்தார்கள்; எதிர்பார்த்தே நடந்தது. அதனால் துயரம் குறையவில்லை, ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வரவில்லை. குழந்தைகளுக்கு இதைத் தடுக்க மருந்து வந்திருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா?

ஒலிமானி எழுதியது:

உண்மைதான் அம்மா. சோடியம் தயோசல்பேட்டு என்ற மருந்து. உங்கள் மகனுக்கு வந்ததைப் போன்ற கல்லீரல் கட்டியுள்ள குழந்தைகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்கும், அது முடிந்து ஆறு மணி நேரம் கழித்து இந்த மருந்தையும் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் கேள்வி இழப்பு ஏற்பட்டது. 2022இல் அமெரிக்காவில், பரவாத திண்மக் கட்டிகளுள்ள குழந்தைகளுக்காக இதற்கு அனுமதி கிடைத்தது. நேரம் முக்கியம், முன்னதாகக் கொடுத்தால் புற்றுநோய் மருந்தின் வேலையையே கெடுத்துவிடும் என்ற அச்சம் உண்டு. ஏற்கெனவே போன கேள்வியை இது திருப்பித் தராது. சிஸ்பிளாட்டின் உள்காதில் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூடத் தங்குகிறது. அது அங்கே உயிரணுக்களை நேராகத் தாக்குவதோடு அழற்சியையும் மூட்டிவிடுகிறது. ஆண்டுக்கொருமுறை பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

மேற்கு மாவட்டம் எழுதியது:

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் விட்டால் இரைச்சல் போகும் என்று எங்கள் பாட்டா சொல்லுவார். எங்கள் பக்கத்து வர்ம ஆசான் ஒருவரும் காதுக்குப் பார்க்கிறார். முயன்று பார்க்கலாமே?

வேளிமலை மருந்தாளுநர் எழுதியது:

வர்மத்தின்மீது எனக்கு மதிப்பு உண்டு. சுளுக்குக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் காதில் விடும் எண்ணெய் செவிப்பறைக்கு வெளியே நிற்கும். கெட்டது அதற்குள்ளே, எலும்புக்குள் இருக்கிறது. செவிப்பறை ஓட்டையாக இருந்தால் எண்ணெயே புதிய சீழுக்கு வழி. இதில் வேண்டாம்.

குறும்பனை அலை எழுதியது:

எட்டு நாள் கழித்து வருகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிந்தது. இரு காதிலும் ஏறத்தாழ ஒரே அளவு இழப்பு: 2000 ஹெர்ட்ஸ் வரை 25 டெசிபெல்லுக்குள், 4000இல் 55, 6000இல் 60, 8000இல் 75. டீச்சர் சொன்னபடி கவனித்தேன். பகலில் சிமெண்டுத் தரையில் நன்றாக நடக்கிறார். இரவில் கடற்கரை மணலில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்; குழந்தைப் பருவத்துக்குப் பிறகு அவர் கை என் தோளில் விழுந்தது அன்றுதான். முகம் கழுவும்போது சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொள்கிறார். அது எத்தனை நாளாக என்று கேட்டால் சிரிக்கிறார்.

இன்னொன்று. என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் கூடப்பிறந்த தங்கைக்கு, சிறு வயதில் ஏதோ ஊசி போட்ட பிறகு காது அடியோடு போய்விட்டது என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா? எனக்கும் என் மகளுக்கும் வருமா?

ஒலிமானி எழுதியது:

முதலில் ஆடியோகிராம். சத்தத்தால் மட்டும் கெட்ட காதில் வழக்கமாக 4000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளம் விழுந்து, 8000இல் கோடு சற்று மேலே ஏறும். உங்கள் அப்பாவுக்கு ஏறவில்லை, மேலும் இறங்குகிறது. அது மருந்தின் பக்கம் சாய்கிறது. ஆனால் வயது 61. மூப்பும் கோட்டை அதே பக்கம்தான் இறக்கும். முதல் ஊசிக்கு முன் எடுத்த ஒரு தாள் இருந்திருந்தால் விடை சொல்லியிருக்கலாம். ஒரே ஒலியில் 20 டெசிபெல், அல்லது அடுத்தடுத்த இரண்டு ஒலிகளில் 10 டெசிபெல் குறைந்தால் மருந்துச் சேதமாகக் கொள்வது வழக்கம். எதிலிருந்து குறைந்தது என்பதற்கு நம்மிடம் எதுவும் இல்லை. திங்கள்சந்தை ஐயா சொன்ன வழக்கும் இந்த இடத்தில்தான் தடுமாறும் என்று நினைக்கிறேன். நினைவு தடுமாறிய நோயாளிக்கு ஆடியோகிராம் எடுக்க முடியாது என்பது சரிதான். ஆனால் நோயாளி பதில் சொல்லத் தேவையில்லாமல், காதில் சிறு முனையை வைத்து மயிர்ச்செல்லின் எதிரொலியைப் பதியும் கருவி இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கு அதைத்தானே வைத்துப் பார்க்கிறோம்? படுக்கையருகில் சில நிமிட வேலை.

அத்தை செய்தி முக்கியமானது. மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப்பொருளில் 1555ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அந்த நபரின் செல் அமினோகிளைகோசைடை எளிதில் பிடித்துக்கொள்ளும். வழக்கமான அளவிலேயே காது அடியோடு போகலாம். 1993இல் இது கண்டறியப்பட்டது. தாய் வழியாக மட்டுமே வரும். அத்தையிடம் அது இருந்தால் உங்கள் அப்பாவிடமும் இருக்கக்கூடும், ஏனெனில் இருவருக்கும் தாய் ஒருவரே. ஆனால் அப்பாவிடமிருந்து உங்களுக்கு வராது. உங்கள் மூலம் மகளுக்கும் போகாது. அத்தையின் பிள்ளைகளுக்கும், அவர்களில் பெண்கள் பெற்ற பிள்ளைகளுக்கும்தான் எச்சரிக்கை. அப்பாவுக்குக் கேள்வி அடியோடு போகவில்லை என்பதால் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆயினும் அத்தை வீட்டார் மருத்துவமனைக்குப் போனால் இதைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் பச்சிளங்குழந்தைகளுக்கு ஜென்டாமைசின் போடும் முன் 26 நிமிடத்தில் இந்த மாற்றத்தைக் காட்டும் சோதனையை வைத்தே பார்த்திருக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை கேட்பீர்களானால், 2016ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சொலிகளில் இரு காதிலும் 60 டெசிபெல் இழப்பைக் கேட்கிறது. அப்பாவின் இழப்பு பெரும்பாலும் கூர்மையான ஒலிகளில் இருப்பதால் சராசரி அந்த அளவை எட்டாது. பேத்தியின் குரல் விளங்காதது அந்தத் தாளில் ஏறாது. கருவி உதவும், கூர்மையான ஒலிகளை மட்டும் தூக்கிக் கொடுக்கும் வகையில், காதை முழுதாக அடைக்காத முனையோடு பொருத்தச் சொல்லுங்கள்.

சுசீந்திரம் டீச்சர் எழுதியது:

தம்பி, எனக்குக் கடல் தெரியாது. ஆனால் இந்தக் குறை உள்ளவர்களுக்கு என்னிடம் சொல்லப்பட்ட முதல் எச்சரிக்கை நீரைப் பற்றியது. இருட்டில் தண்ணீருக்குள் விழுந்தால் மேல் எது, கீழ் எது என்று உடல் சொல்லாது. எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் கீழ்நோக்கி நீந்திவிடுவோம். தலையையும் கண்ணையும் பழக்கும் பயிற்சிகள் உண்டு. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தொடங்குங்கள். எனக்கு அவை காலம் கடந்து கிடைத்தன, இருந்தும் பயன்பட்டன.

குறும்பனை அலை எழுதியது:

டீச்சர், உங்கள் பதிலை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். ராத்திரித் தொழிலுக்கு இனி இல்லை என்று ஒத்துக்கொண்டார்; பகலில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, எஞ்சினுக்கு எதிர்முனையில் அணியத்தில் உட்கார்ந்து வருவேன் என்கிறார். அம்மா அதற்கும் சம்மதிக்கவில்லை. பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. அத்தை வீட்டுக்கு நாளை போகிறேன். அத்தைக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு இது ஏழாம் மாதம்.